சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு ஒரு மடல்

சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, தெலுக் இந்தான், பாகான் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து, இன்று ஈப்போவிலும் அதைச் சுற்றியும் மாதச் சம்பளம் வாங்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே,

நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், தாதியாக இருக்கலாம், மாவட்ட அலுவலகத்திலோ வங்கியிலோ தொழிற்சாலை நிர்வாகத்திலோ இருக்கலாம். உங்கள் பெற்றோர் காலை ஆளெடுப்பு வரிசையில், பெரட்டுக்கு, நின்றவர்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள். நீங்கள் படித்து, அந்த வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். அதற்கு யாரும் உங்களிடம் கணக்குக் கேட்கவில்லை. இந்த மடல் பேச வந்தது உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும் சில தாள்களைப் பற்றி: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை. உங்களுக்கு அவை வெறும் தாள்கள். உங்கள் உறவுக்காரப் பெண்ணொருத்திக்கு அவை கல்லூரி வாசல்.

அந்தப் பெண் யார் என்று உங்களுக்குத் தெரியும். எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகச் செய்தவள். தாதிமைப் பயிற்சிக்கோ கணக்கியல் டிப்ளோமாவுக்கோ கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பதிவுக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது. கடன் தருவதற்கு ஓர் அறநிறுவனமோ கூட்டுறவோ வங்கியோ இருக்கிறது. பாரத்தைப் புரட்டிக்கொண்டே வந்தால் ஒரு பக்கத்தில் 'பெஞ்சாமின்' என்ற சொல் நிற்கும். நம் ஜாமீனும் மலாய்க்காரர்களின் ஜாமினும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தவை. அதனால் மலாய் அதிகம் தெரியாத பாட்டிக்கும் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. நிரந்தர வருமானம் உள்ள ஒருவர், பல இடங்களில் இருவர், கையெழுத்துப் போட வேண்டும். வயது வரம்பு உண்டு. சம்பளச் சீட்டு வேண்டும். திவாலானவராக இருக்கக் கூடாது.

குடும்பம் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கும். அப்பா லோரியில் உதவியாள். சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வருகிறது, சீட்டு கிடையாது. அம்மா ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் துப்புரவு வேலை. பெரியப்பா பாதுகாவலர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சித்தப்பா சொந்தமாக வேன் ஓட்டுகிறார், சேமநிதி இல்லை. மாமா ஏற்கெனவே தன் மகனுக்கு ஜாமீன் போட்டவர். இன்னொன்றுக்குப் போட முடியாது. கடைசியாக அத்தை வீடு. அத்தையின் மருமகன் அரசாங்க வேலையில் இருக்கிறார். காப்பி கொடுத்து உபசரித்து, "வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்" என்கிறார். அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

அந்த மருமகன் நீங்கள்தான்.

இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் போனை எடுக்காததற்குக் காரணம் கல்நெஞ்சு அல்ல, பயம். அந்தப் பயத்துக்கு வேரும் உண்டு. யாருக்கோ நல்லது செய்யப்போய், பத்து ஆண்டு கழித்து வழக்கறிஞர் கடிதம் வாங்கியவர்களை உங்களுக்குத் தெரியும். மருமகனுக்காகக் கையெழுத்துப் போட்டு, ஓய்வுபெறும் வயதில் திவால் என்று அறிவிக்கப்பட்டு, வங்கிக் கணக்கு முடங்கி, வெளிநாடு போக முடியாமல் நின்றவர்களின் கதைகள் இந்த நாட்டில் நிறைய உண்டு. கடன் வாங்கியவன் ஜோகூரிலோ சிங்கப்பூரிலோ சம்பாதித்துக்கொண்டிருப்பான். கடிதம் வருவது ஜாமீன் போட்டவர் வீட்டுக்கு. "ஜாமீன் மட்டும் போட்டுடாதே" என்று உங்கள் அப்பா சாகும் தறுவாயில் சொல்லியிருந்தால், அவர் காரணமில்லாமல் சொல்லவில்லை.

ஆனால் அப்பா சொன்ன காலத்துச் சட்டம் இன்று இல்லை. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

1967-ஆம் ஆண்டின் திவால் சட்டம் திருத்தப்பட்டு, புதிய பெயரோடு 2017 அக்டோபர் 6-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் சமூக ஜாமீன்தாரர் என்று ஒரு வகையினரைச் சட்டம் தனியே பிரித்து வைத்திருக்கிறது. இலாப நோக்கம் இல்லாமல் கல்விக்கான கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ ஜாமீன் போடுகிறவர் அந்த வகையில் வருகிறார். சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடன், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு அப்படிப் போடுகிறவரும் வருகிறார். இத்தகையவர் மீது கடன் கொடுத்தவர் திவால் நடவடிக்கை எடுக்கவே முடியாது. நீதிமன்ற அனுமதி பெற்றால் எடுக்கலாம் என்பதுகூட இல்லை. அந்தக் கதவே மூடப்பட்டுவிட்டது. வியாபாரக் கடனுக்கு ஜாமீன் போடுகிறவருக்கு இந்த முழுப் பாதுகாப்பு கிடையாது. கல்விக்குப் போடுகிறவருக்கு உண்டு. முன்பே சமூக ஜாமீனால் திவாலானவர் தன் நிலையிலிருந்து விடுபட விண்ணப்பித்தால், கடன் கொடுத்தவர்கள் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது என்றும் அதே திருத்தம் வழி செய்தது. உங்கள் சொந்தத்தில் அப்படி யாராவது இன்னும் முடங்கிக் கிடந்தால், ஈப்போவில் உள்ள திவால் துறை அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சட்டம் எதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடன் கட்டப்படாமல் போனால் ஜாமீன்தாரர் மீது சிவில் வழக்குப் போட இன்னும் முடியும். தீர்ப்பு வந்தால் பணத்தை வசூலிக்கும் வேறு வழிகள் நீதிமன்றத்துக்கு உண்டு. கையெழுத்துக்கு விலையே இல்லை என்று இந்த மடல் சொல்லவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்த மிகப்பெரிய பூதம், வாழ்நாள் முழுவதும் திவால் என்ற முத்திரையோடு அலைவது, கல்வி ஜாமீனைப் பொறுத்தவரை சட்டப்படி இல்லை என்பதைத்தான் சொல்கிறது. மீதி இருக்கும் அபாயம் பண அபாயம். பண அபாயத்தைப் பலர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம். எப்படி என்பதற்குப் பின்னால் வருவோம்.

"அரசாங்கக் கடன் இருக்கிறதே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தாங்கியிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதில் படித்தவர்களாகவே இருப்பீர்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா கட்டணம், முதல் வகுப்பில் இளங்கலைப் பட்டம் பெற்றால் நிபந்தனைகளுக்கு உட்பட்ட கடன் விலக்கு, தகுதியுள்ள ஏழைக் குடும்பத்து மாணவருக்கு 1,500 வெள்ளிவரை முன்பணம். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். கடனுக்கு விண்ணப்பிக்க மாணவர் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும் என்பதை இன்றும் கடைசி நாளில்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். அதைப் பதினைந்து வயதிலேயே திறந்துவிடச் சொல்லுங்கள். ஈப்போவிலேயே உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக், 1969-இல் தொடங்கியது. ஒரு பருவத்துக்குப் படிப்புக் கட்டணம் 200 வெள்ளி. அங்கே இடம் கிடைக்கக்கூடிய பிள்ளையைத் தனியார் கல்லூரி முகவரின் வண்ணத் தாளுக்குப் பலி கொடுக்காதீர்கள்.

ஆனால் எல்லாருக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் பி.டி.பி.டி.என். தாங்குவதும் இல்லை. முன்பணம் போக, மீதிப் பணம் வந்து சேருவது பதிவு முடிந்த பிறகு. பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், சீருடை, மடிக்கணினி என்று வாசலிலேயே சில ஆயிரங்கள் போய்விடும். சபாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விமான டிக்கெட் வேறு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் அதிலிருந்து எதை ஒதுக்குவது? அந்த இடைவெளியை நிரப்பத்தான் இரண்டாவது கடன். அந்த இரண்டாவது கடனுக்குத்தான் ஜாமீன். அது கிடைக்காத வீட்டில் நடப்பது இரண்டில் ஒன்று. பிள்ளை தொழிற்சாலைக்கோ பேரங்காடிக்கோ வேலைக்குப் போய், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லும். அல்லது அப்பா சட்டவிரோத வட்டிக்காரனான ஆ லோங்கிடம் போவார். ஆ லோங் ஜாமீன் கேட்பதில்லை. அடையாள அட்டை நகலும் வீட்டு முகவரியும் அவனுக்குப் போதும்.

இந்த வீடுகளில் ஏன் சம்பளச் சீட்டே இல்லாமல் போனது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளுக்காக நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1877-இல் பேராக்குக்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் குவாலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அந்த மரத்துக்கு வேலி போட்டு, பெயர்ப் பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். அதன் வழிவந்த மரங்களை வெட்டியவர்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடலில் வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. பிறகு எண்பதுகளிலிருந்து வீடமைப்பு, தொழிற்பேட்டை, செம்பனை என்று இரண்டாவது அலை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் புந்தோங்கிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் புறம்போக்கு நிலத்திலும் ஒதுங்கினார்கள். தோட்டத்தில் இருந்தவரை செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தது, சேமநிதியில் சில வெள்ளி ஏறியது. பட்டணத்தில் நாள்கூலி, ஒப்பந்தக்கூலி, கைக்கு ரொக்கம். உழைப்பு குறையவில்லை. அதற்கான தாள்தான் இல்லாமல் போனது.

தாள் இல்லாமலே நம்பிய காலமும் இருந்தது. தோட்டத்துக் கடைக்காரர் சிறிய 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தார். சம்பளத்தன்று கணக்குத் தீர்ந்தது. உங்கள் அம்மாவின் முகம்தான் அங்கே ஜாமீன். அந்த முகத்தை இன்றைய கடன் அதிகாரி பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி அவருக்கு விதியும் இல்லை. அவர் பார்ப்பது உங்கள் சம்பளச் சீட்டை. அம்மாவின் முகம் அன்று செய்த வேலையை இன்று அது செய்ய வேண்டியிருக்கிறது.

துண்டாடலை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு பதில் உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் அப்போது அமைச்சர், ம.இ.கா. தலைவர். தோட்டங்கள் கைமாறுவதைப் பார்த்து அவர் அரசாங்கத்திடம் மட்டும் போய் நிற்கவில்லை. தொழிலாளர்களிடமே வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்து பத்து வெள்ளியாகச் சேருங்கள், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960 மே 14-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாக மற்றத் தோட்டங்கள். நாள் முழுக்க மரம் வெட்டினால் மூன்று வெள்ளி தேறாத மக்கள், எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள், பெருவிரல் ரேகை வைத்துத் தோட்ட முதலாளிகள் ஆனார்கள். தனித்தனியாக நின்றிருந்தால் அவர்களுக்கு எந்த வங்கியும் ஒரு வெள்ளி கொடுத்திருக்காது.

அவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். உங்களிடம் பெருவிரல் ரேகையைவிடப் பெரிய கையெழுத்து இருக்கிறது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது உண்டு என்பதில் இந்த மடலுக்கு மறுப்பு இல்லை. இந்த நாட்டில் சிறு வியாபாரிகளின் கடனுக்கு ஜாமீன் நிற்பதற்கென்றே 1972-இல் ஒரு கழகம் தொடங்கப்பட்டு இன்றும் நடக்கிறது. நிலையான வருமானமோ சம்பளச் சீட்டோ இல்லாதவர் வீடு வாங்க, நிதியமைச்சின் கீழ் 2008-இலிருந்து வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் இருக்கிறது; பசார் மாலாமில் கடை போடுகிறவருக்கும் செயலிவழி வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கும் அரசாங்கமே பின்னால் நின்று வங்கிக் கடன் வாங்கித் தருகிறது. சம்பளச் சீட்டு இல்லாத தகப்பன் வீடு வாங்க அரசு ஜாமீன் நிற்கும் என்றால், அதே தகப்பனின் மகள் படிக்க ஏன் நிற்கக் கூடாது? இது நியாயமான கேள்வி. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேளுங்கள். பிற நாடுகள் செய்து காட்டியதையும் சொல்லுங்கள். இந்தியாவில் 2015-இல் தொடங்கிய கல்விக் கடன் உத்தரவாத நிதியின் கீழ் ஏழரை லட்சம் ரூபாய்வரை சொத்து அடமானமோ மூன்றாம் ஆள் ஜாமீனோ கேட்கக் கூடாது. கடன் முறிந்தால் முக்கால் பங்கை அந்த நிதி ஈடுகட்டும். 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கு அங்கே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேர்ந்தெடுத்த கல்வி நிலையங்களில் இடம் பெற்றவருக்கு ஜாமீன் இல்லாத கடன். ஆஸ்திரேலியாவில் 1989-இலிருந்து ஜாமீன் என்ற பேச்சே இல்லை; படித்து முடித்து வருமானம் ஓர் அளவைத் தாண்டிய பிறகு வரித்துறை மூலம் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் கேட்க வேண்டியவை. கிடைக்கும்வரை அந்தப் பெண் காத்திருக்க முடியாது. அவளுடைய பதிவு நாள் மூன்று வாரத்தில் வருகிறது.

உங்களில் சிலருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் வாங்கிப் படித்து, வேலைக்குப் போய், வாகனம் வாங்கி, வீடு வாங்கி, அந்தக் கடனை மட்டும் கட்டாமல் விட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். 2018-இல் வெளிநாட்டுப் பயணத் தடை நீக்கப்பட்டபோது, இனிக் கட்ட வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. திரும்பி வரும் பணத்தில்தான் அடுத்த பிள்ளைக்குக் கடன் போகிறது. சிறிய அறநிறுவனங்களில் இது இன்னும் கூர்மையாகத் தைக்கும். பத்துப் பேர் கட்டாமல் விட்டால், பதினோராவது பிள்ளைக்கு ஜாமீன் விதி இரண்டு மடங்கு இறுகும். உங்கள் தங்கையிடம் இன்று இரண்டு ஜாமீன் கேட்கப்படுவதில் நீங்கள் கட்டாத தவணைக்கும் பங்கு உண்டு. முதலில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையைத் திருத்திக் கேளுங்கள். வங்கிக் கடன்களும் சேர்ந்து நெரித்தால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் கட்டணம் இல்லாமல் ஆலோசனை சொல்கிறது.

இனி, உங்களிடம் கேட்க வந்தது.

தனியாளாக ஜாமீன் போடப் பயமாக இருக்கிறது என்றால், தனியாளாகப் போடாதீர்கள். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர் சங்கம் உண்டு; தோட்டமே அழிந்து, பள்ளி மட்டும் தாமானுக்கு இடம் மாறிய பிறகும், ஒரே லயத்தில் வளர்ந்தவர்களை இணைத்து வைத்திருக்கும் வாட்சாப் குழுக்கள் உண்டு. கல்லுமலைக்குத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்றால் ஒரே வாரத்தில் பணமும் ஆளும் திரட்டுகிறவர்கள் நீங்கள். அதே முப்பது பேர் ஒரு ஜாமீன் வட்டமாக உட்காருங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். முப்பது பேர் மாதம் பத்து வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 3,600 வெள்ளி. ஒரு பிள்ளை 20,000 வெள்ளி கடன் வாங்கி, ஆண்டுக்கு 1 விழுக்காடு நிலைக் கட்டணத்தோடு பத்து ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 183 வெள்ளி. உங்கள் வட்டத்தின் ஓராண்டுச் சேமிப்பு அந்தப் பிள்ளையின் பத்தொன்பது மாதத் தவணையைத் தாங்கும். படிப்பு முடிந்து வேலை கிடைக்கச் சற்றுத் தாமதமானாலும், நோய் வந்தாலும், ஜாமீன் போட்டவர் வீட்டுக்குக் கடிதம் வருமுன் வட்டம் தவணையைக் கட்டிவிடும். பிள்ளை வேலைக்குப் போன பின் அதைத் திருப்பித் தரும். பாரத்தில் கையெழுத்து உங்கள் ஒருவருடையதாக இருக்கும். பாரம் முப்பது பேர் தோளில் இருக்கும். ஒருவர் ஒரு பிள்ளைக்கு மேல் போட வேண்டாம். அண்ணனுக்குப் போட்டதால் தங்கைக்கு ஆள் இல்லை என்ற நிலை அப்போது வராது.

குழுவாக நிற்பது காகிதத்தில் மட்டும் நடக்கும் காரியம் அல்ல. 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார் இந்த நாட்டில் ஏழைப் பெண்களுக்குச் சொத்து அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் கொடுக்கிறது. சிறு குழுவாக அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், வாராவாரம் கூடுகிறார்கள். கடன் திரும்பி வருவதற்குக் காரணம் நீதிமன்றம் அல்ல, அந்தக் கூட்டம்தான்.

ஓர் எச்சரிக்கை. இதைக் கூட்டு பிடிப்பதுபோல் நடத்தாதீர்கள். ஏலம், கழிவு, கமிஷன் எதுவும் வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தடை செய்திருக்கிறது. பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, மூவர் கையெழுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் அனைவருக்கும் கணக்கு. பணத்திலிருந்து அரசியல் கட்சிக்காரர்களைத் தள்ளி வையுங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும்.

கையெழுத்துப் போட்டதோடு உங்கள் வேலை முடிவதில்லை என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். பாரத்தை முழுக்கப் படியுங்கள்: ஜாமீன் எத்தனை வெள்ளிக்கு, எத்தனை ஆண்டுக்கு, படிப்பைப் பாதியில் விட்டால் என்ன, முகவரி மாறினால் யாருக்குச் சொல்ல வேண்டும். கல்லூரியும் பாடத்திட்டமும் எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் பெற்றவைதானா என்று நீங்களே சரிபாருங்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் மதிப்பெண் தாளை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். திட்டுவதற்காக அல்ல. கெடாவிலோ சிலாங்கூரிலோ தனியாக வாடகை அறையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, "தேர்வு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்க வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் இருப்பது பெரிய காரியம். உங்களுக்கு அந்த ஆள் யாராக இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியார்.

அவளிடமும் ஓர் உறுதி வாங்குங்கள். வேலையில் சேர்ந்து, சோதனைக் காலம் முடிந்து, சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் அவளும் வட்டத்தில் சேர வேண்டும், இன்னொரு பிள்ளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே, அண்ணன்மார்களே, அக்காமார்களே: உங்கள் சங்கத்தின், கோயில் குழுவின், கூட்டுறவின் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாகப் போடுங்கள். அதற்குக் காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமை வாட்சாப் குழுவில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நம் தோட்டத்துப் பிள்ளைகளில் இந்த ஆண்டு ஜாமீன் இல்லாமல் நிற்பவர் யார்? பெயர்கள் வரும். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வரும். அதில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்குப் போகும்போது அடையாள அட்டை நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, ஒரு கறுப்புப் பேனா ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். பாரம் மேசைமேல் இருக்கும். ஜாமீன் பக்கத்தை அவர்கள் காலியாக விட்டிருப்பார்கள்.